கொஞ்சம் சீரியஸ்

எங்கள் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு தாள் உண்டு. கரண்ட் போனால் ஒரு தாள், தண்ணீர் புகுந்தால் ஒரு தாள், லிப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் அதற்கும் ஒரு தாள். எல்லாம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகின்றன. தன் ஈரலில் பாதியை வெட்டிக் கொடுக்க வந்த, ஒரு தலைவலிகூட இல்லாத மனுஷி மேஜையிலேயே செத்துப்போனால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் தாள் இல்லை. பதினோரு வருஷமாக இல்லை. ஆய்வுக்கு வந்த ஒரு அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

நான் கொடுப்பவர் பக்கத்து ஆள். நோயாளிக்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். கொடுக்க வருகிறவருக்கு நான். அவரைத் தனியாக உட்கார வைத்து, யாராவது நெருக்கினார்களா என்று கேட்பேன். என்னென்ன ஆகக்கூடும் என்று சொல்வேன். மனசு மாறினால் காரணம்கூடச் சொல்ல வேண்டாம், நானே நிறுத்திவிடுவேன் என்றும் சொல்வேன். நிறுத்தியும் இருக்கிறேன், பதினேழு தடவை. அதனால் எனக்கு இங்கே முட்டுக்கட்டை என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு முகத்துக்கு நேரே சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வண்டி பள்ளத்தில் உருளாமல் நிற்க முட்டுக்கட்டைதானே வேண்டும்.

தாளை எழுதும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. "இந்த மாதிரி விஷயமெல்லாம் உங்களுக்குத்தான் நல்லா வரும்" என்றார் பெரிய டாக்டர். ஈரல் மாற்றும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். முந்நூறுக்கு மேல் செய்திருக்கிறார். கொடுத்தவர்கள் ஒருத்தரும் சாகவில்லை. "வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கெல்லாம்? நடக்காத ஒண்ணுக்கு எதுக்கு எழுதி வைக்கணும்?" என்று கூட்டம் முடிகிற வரைக்கும் முனகிக்கொண்டே இருந்தார்.

எழுதினேன். பக்கத்துத் தியேட்டரில் நோயாளிக்கு இன்னும் கத்தி வைக்கவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். விசாரணைக்கு வேண்டும் என்பதால், மேஜையில் இருக்கும் கருவி எதையும் யாரும் எடுக்கக் கூடாது. வரிசையில் காத்திருக்கும் மற்றவர்களுக்கு அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். மறு உத்தரவு வரும்வரை அடுத்த ஆபரேஷன் கிடையாது. அங்கே இருந்த நர்ஸும் மயக்க மருந்து டாக்டரும் அன்று தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது. ஏழாவது அம்சம் பெரிய டாக்டர் சொல்லிச் சேர்த்தது: நோயாளிக்கு ஏழு நாள் விஷயம் தெரியக் கூடாது. "புது ஈரல் உடம்புல உட்கார ஒரு வாரமாவது வேணும். அதிர்ச்சி கொடுத்தா எல்லாம் போயிடும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்துப் போட்டேன்.

வீட்டாருக்குப் போனில் என்ன சொல்வது என்று டெலிபோன் போர்டில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 'கொஞ்சம் சீரியஸா இருக்கு, உடனே வாங்க' என்று எழுதினேன். கமிட்டியில் ஒன்பது பேர் படித்தார்கள். ஒருத்தர் கண்ணிலும் அது உறுத்தவில்லை.

என் அப்பா போனபோது அண்ணன் போன் செய்தான். "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ். கிளம்பி வா." நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்தேன். அப்பா இல்லை என்று ஏறும்போதே தெரியும், ஆனாலும் இருக்கிறார் என்று வழியெல்லாம் நம்பிக்கொண்டு வந்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் சுமப்பது எவ்வளவு கனம் என்று அண்ணனிடம் நான் சண்டை போடாத வருஷம் இல்லை. அப்படிப்பட்ட நானே, பேனா எடுத்ததும் அதே வரியை எழுதினேன். யோசிக்கவே இல்லை, கை பாட்டுக்கு எழுதியது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஒத்திகை. தர அலுவலர் நடத்தினார். அவருக்குப் பட்டியல் என்று பெயர். டீ குடித்தால்கூட ஒரு டிக் போட்டுவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைப்பார். "நிஜமான ஃபாரம் ஒண்ணு கொடுங்க மேடம். சும்மா எழுதிக் கொடுத்தா நாடகம் மாதிரி ஆயிடும்" என்று கேட்டிருந்தார். தட்டில் மேலே இருந்ததை எடுத்து, பெயரிலும் முகவரியிலும் வெள்ளைத்தாள் ஒட்டி, நகல் எடுத்துக் கொடுத்தேன். அது வரும் வெள்ளிக்கிழமை கொடுக்கப்போகிறவளின் ஃபாரம். அவள் பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்பவள். அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். ஈரல் கெட்டுப்போய் மூன்றாம் மாடியில் நாலாம் கட்டிலில் படுத்திருந்தார். ஆபரேஷன் இல்லையென்றால் ஆறு வாரம் என்று கணக்குச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாம் மாடி தியேட்டரில், முதலுதவி வகுப்புக்கு வாங்கிய ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்தோம். பெரிய டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். மூன்று மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு மயக்க மருந்து டாக்டர் பொம்மை இறந்துவிட்டதாக அறிவித்தார். பட்டியல் டிக் போட்டார். ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்து, வீட்டாருக்குத் தெரிவிப்பது என்ற இடத்துக்கு வந்தோம். ஃபாரத்திலிருந்த எண்ணைப் படித்தேன். கீழே போர்டில் இருந்த பெண் அதைச் சுழற்றினாள். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. ஒத்திகைக்கு யாரோ ஓர் ஆளை ஏற்பாடு செய்து வைத்திருப்பார்கள் என்று அவள் நினைத்திருக்கிறாள். பட்டியல் ஏற்பாடு செய்திருப்பார் என்று நான் நினைத்தேன். எண்ணையும் நான் மாற்றியிருப்பேன் என்று பட்டியல் நினைத்திருக்கிறார்.

"ஹலோ" என்றது ஒரு ஆண் குரல்.

"சார், ஆஸ்பத்திரியிலிருந்து பேசறோம். உங்க வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. உடனே வாங்க."

அவர் கேட்டார்: "எப்ப?"

என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. எந்த வார்டு என்று கேட்கவில்லை. எப்ப என்று கேட்டார்.

அந்தக் குரலை அப்போதுதான் அடையாளம் கண்டேன். தொடர்புக்கு என்ற இடத்தில் கணவர் என்று எழுதி அவருடைய எண்ணைத்தான் அவள் கொடுத்திருந்தாள். வேறு யாருடைய எண்ணைக் கொடுப்பாள்? நாங்கள் எந்த உயிரைக் காப்பாற்ற அவள் வயிற்றைத் திறக்கிறோமோ, அந்த ஆளுக்கே முதல் போன் போகும்படி அது எழுதப்பட்டிருந்தது. நான்தான் வாங்கி, சரிபார்த்து, முத்திரை குத்தியிருந்தேன்.

ஓடினேன். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்பும் இடத்தில் அவர் வந்துகொண்டிருந்தார். வெறுங்கால். ஊதிய வயிறு. கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்ததால் விரல் வழியாக ரத்தம் சொட்டியது. மஞ்சள் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"எங்க வச்சிருக்கீங்க?"

"அவங்க நல்லா இருக்காங்க. இது ஒத்திகை. தப்பு என்னோடது. அவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"பரவாயில்ல மேடம். எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

நல்லா இருக்காங்க என்ற வார்த்தை அவர் காதில் ஏறவே இல்லை. ஏன் ஏற வேண்டும்? அப்படிச் சொல்கிறவர்களை எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் என்னைப் பார்த்தார். மூன்று தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் செத்தது. கடைசியில் ஸ்கேன் எடுக்கக் கீழே போயிருந்த அவளே, படங்கள் இருந்த பெரிய கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்தாள்.

"என்னங்க இது? ஊசியைப் பிடுங்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க, பஸ் பிடிக்கவா?"

அவர் அப்படியே படியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவளும் கவரை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் துப்பட்டா முனையால் அவர் கையை அழுத்திப் பிடித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு எங்காவது ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

அழுகை அடங்கியதும் அவர் என் பக்கம் திரும்பினார். "ஒத்திகைன்னீங்களே. எதுக்கு ஒத்திகை?"

"கொடுக்கறவங்க இறந்துட்டா என்ன செய்யறதுன்னு."

"அப்படி ஆகுமா?"

"ஆயிரத்துல ரெண்டு மூணு பேருக்கு ஆகலாம்."

அவர் மனைவியைப் பார்த்தார். "பல்லு பிடுங்கற மாதிரின்னு சொன்னே."

அவள் கவரின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு மூணு பேர்தானே. ஆயிரத்துல."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு நாலு மாசமா தெரியும்."

"அப்ப ஆபரேஷன் வேண்டாம்" என்றார். கைப்பிடியைப் பிடித்து எழுந்து, யாரையும் பார்க்காமல் மேலே ஏறிப் போனார்.

பெரிய டாக்டர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "இதுக்குத்தான் வேண்டாம்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அலமாரியைத் திறந்து பழைய ஃபாரங்களை எடுத்துப் புரட்டினேன். இரண்டு வருஷத்தில் எழுபத்துநாலு. அதில் ஐம்பத்தொன்றில், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் இருந்தது வாங்கிக்கொள்ளப்போகிறவரின் எண்தான். அண்ணனுக்குக் கொடுத்த தம்பி அண்ணனின் எண்ணை எழுதியிருந்தான். மகனுக்குக் கொடுத்த அம்மா மகனின் எண்ணை. ஒருத்தரும் யோசிக்கவில்லை, நான் உட்பட. உயிரைக் கொடுக்கத் துணிகிற அளவுக்கு யார் நெருக்கமோ அவருடைய எண்தானே யாருக்கும் மனப்பாடமாக இருக்கும். நல்லபடியாக முந்நூறு ஆபரேஷன் முடிந்ததால் அந்தத் தப்பு எங்கள் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் காலை அவள் என் அறைக்கு வந்தாள். என் அறை சின்னது. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்களை என் ஆளுன்னு நினைச்சேன்" என்றாள். "அவர்கிட்ட போட்டு உடைச்சிட்டீங்களே."

"தப்புத்தான்."

"தப்புன்னு சொன்னா ஆச்சா? அவர் பிடிச்ச பிடியை விட மாட்டேங்கறார். ராத்திரி சாப்பிடலை. இன்னும் ஆறு வாரம்னு உங்களுக்கே தெரியும்."

என் வேலைப்படி, ஆபரேஷன் நின்றால் நான் கவலைப்படக்கூடாது. கொடுப்பவள் பிழைத்தாள் என்று நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் அவள் கொடுக்க விரும்பினாள். நாலு மாசமாக என்னிடம் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். என் அசட்டையால் அவர் ஆறு வாரத்தில் போய்ச் சேர்ந்தால் அந்தப் பழி என்னுடையது. அதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். மேஜையில் இருந்த தாளை எடுத்துப் போனில் சொல்ல வேண்டிய வரியைப் படித்தாள்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான்."

"நான் பத்தொன்பது வருஷமா மைக்குல பேசறேன். கொஞ்ச நேரத்துல பஸ் வரும்னு ஒரு தடவை சொன்னேன், ஜன்னலை உடைக்க வந்துட்டாங்க. நாற்பது நிமிஷம் லேட்டுன்னு சொன்னா, திட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. கொஞ்சம்கற வார்த்தையை நான் மைக்குல சொல்றதே இல்ல. அதைக் கேட்டதுமே ஜனங்க அடுத்து வர்ற எதையும் நம்ப மாட்டாங்க."

"அப்ப வீட்டுல மட்டும் எதுக்குப் பல்லு பிடுங்கற கதை?"

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீடு வேற, பஸ் ஸ்டாண்டு வேற" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. புதிய ஃபாரத்தை அவள் முன்னால் வைத்தேன். "அவரைத் தவிர வேற யார்?"

ஒரே மகள். வெளியூரில் கல்யாணம் செய்து கொடுத்தது. எட்டாவது மாசம், ரத்த அழுத்தம் ஏறுவதால் படுக்கையை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஆபரேஷன் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். ஈரல் கொடுப்பது யாரோ ஒரு புண்ணியவான் என்று இவள் சொல்லி வைத்திருக்கிறாள்.

"மாப்பிள்ளை நம்பரை எழுதிக்கறேன்" என்றாள். "அவர் பக்குவமா சொல்லிக்குவார்."

"எப்படிச் சொல்லுவார்?"

பேனாவை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினாள். பிறகு மகளுக்கு போன் போட்டு, என் முன்னாலேயே பேசினாள். புண்ணியவான் யார் என்று சொன்னாள். ஆயிரத்துக்கு எத்தனை என்றும் சொன்னாள். மைக்கில் சொல்வதுபோல ஒரே சீராகச் சொன்னாள். கன்னத்தில் மட்டும் தண்ணீர் ஓடியது. மகள் அந்தப் பக்கம் அழுதாள், கத்தினாள், பிறகு அடங்கினாள். கடைசியில் என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"மேடம், எது நடந்தாலும் எனக்கு நேரா சொல்லணும். என் வீட்டுக்காரர் மூலமா வேண்டாம். அவர் முகத்தைப் பார்த்தே நான் பாதி செத்துடுவேன். வயித்துல பிள்ளை இருக்குன்னு மறைக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மாலையில் நாலாம் கட்டிலுக்குப் போனோம். நான், அவள், பெரிய டாக்டர். டாக்டரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பயமுறுத்தியது போதாதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

கட்டிலில் இருந்தவர் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பாதியில அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா, எடுத்த ஈரலை எனக்கு வைப்பீங்களா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. டாக்டர் தன் கைகளைப் பார்த்தார். "வைப்போம்" என்றார்.

"வைக்கணும்" என்றாள் மனைவி. "வைக்காம விட்டா நான் கொடுத்ததுக்கு என்ன அர்த்தம்? உங்ககிட்ட மறைச்சது தப்பு. சொன்னா வேண்டாம்பீங்கன்னு மறைச்சேன். இப்ப தெரிஞ்சுபோச்சு இல்ல, இப்பக் கேக்கறேன். நான் கொடுக்கறேன். வாங்கிக்குவீங்களா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் வந்து நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் திருப்பிய விதம் பிடிக்கவில்லைபோல, உதட்டைச் சுழித்தார்.

"எனக்கு எப்ப சொல்லுவீங்க?" என்றார் பிறகு. "அப்படி ஏதாவது ஆனா."

டாக்டர் ஏழு நாள் கதையைச் சொன்னார். ஈரல் உட்கார வேண்டும் என்றார்.

"பொய் மேல அது உட்கார வேண்டாம் சார். கண்ணு முழிச்சதும் சொல்லணும். அதுக்குச் சம்மதம்னா ஆபரேஷனுக்குச் சம்மதம்." மனைவியின் பக்கம் கையைக் காட்டினார். "இவளுக்கு நான்தான் வண்டி சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுக்கற வண்டியில என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கும். தினமும் காலையில கிளம்பறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பேன். இருபத்திரண்டு வருஷத்துல நிஜமா போட்டது அஞ்சாறு தடவைதான். அதுக்காக அழுத்திப் பார்க்காம விட்டதில்ல. அழுத்திப் பார்த்ததால யாரும் மோதவும் இல்ல. நேத்து நீங்க செஞ்சதும் அதுதான்னு இப்பப் புரியுது. என்ன, என் கால்மேலயே அழுத்திட்டீங்க."

பெரிய டாக்டர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு தாளை வாங்கினார். ஏழாவது அம்சத்தைத் தன் பேனாவாலேயே அடித்தார்.

வியாழக்கிழமை அவளைக் கடைசியாகத் தனியே உட்கார வைத்தேன். அது விதி. வேண்டாம் என்றால் இப்போதும் சொல்லலாம், உடம்பு ஒத்துவரவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். "இத்தனை நாள் திருட்டுத்தனமா கொடுத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். "இப்பத்தான் நிஜமா கொடுக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் உள்ளே போனாள். ஒன்று நாற்பதுக்குப் பாதி ஈரல் பக்கத்துத் தியேட்டருக்குப் போனது. மூன்று பத்துக்கு அவளை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லா நேரத்தையும் மகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்று ஐம்பதுக்கு, கொடுத்தவளுடைய நாடி ஏறி, ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கியது. வயிற்றில் வைத்திருந்த குழாயில் வந்தது முழுக்க ரத்தம். பெரிய டாக்டர் பக்கத்துத் தியேட்டரில் கணவருக்கு ஈரலைத் தைத்துக்கொண்டிருந்தார், நகர முடியாது. சின்ன டாக்டர் ஓடி வந்தார். நாலு மணிக்கு அவளை மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு வரைக்கும் தள்ளுவண்டியின் பக்கத்திலேயே நடந்தேன்.

கதவு மூடியது. பட்டியல் அங்கேதான் நின்றார். "மாசமா இருக்கற பொண்ணு மேடம்" என்றார் தாழ்ந்த குரலில். "மாப்பிள்ளைகிட்ட சொல்லிடலாமே. இல்ல, ஒரு அரை மணி பார்த்துட்டு…"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய். எட்டாவது மாசம், ரத்த அழுத்தம், படுக்கை. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அதுவும் என் தலையில்தான். ஆனால் சத்தியம் செய்திருந்தேன். எண்ணை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். "சொல்லுங்க."

"அம்மாவுக்கு உள்ள ரத்தம் கசியுது. நிறையப் போயிருக்கு. நாலு மணிக்கு மறுபடி தியேட்டருக்குக் கொண்டு போயிருக்காங்க. இப்ப நாலு ஆறு. உயிரோட இருக்காங்க."

படிக்கட்டில் அவள் அப்பா என்னைப் பார்த்த பார்வைக்காகக் காத்திருந்தேன்.

"நீங்க பார்த்தீங்களா?"

"கூடவே நடந்து போனேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாங்க."

"ஏதாவது சொன்னாங்களா?"

"மணி என்னன்னு கேட்டாங்க."

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து ஒரு சத்தம் வந்தது. "அம்மாதான்" என்றாள். பிறகு, "சரி. இருக்காங்க" என்றாள்.

நான் மூன்று தடவை சொல்லியும் அப்பன் நம்பாத வார்த்தையை மகள் ஒரே தடவையில் வாங்கிக்கொண்டாள். சுவரில் சாய்ந்துகொண்டேன். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இவ்வளவு பெரிய விஷயத்தை யாரும் கொடுத்ததில்லை.

"பிழைச்சுக்குவாங்களா?"

"தெரியலைம்மா. இருபது நிமிஷத்துல மறுபடி பேசறேன். தெரியலைன்னாலும் பேசறேன்."

நாலு இருபத்தாறுக்குப் பேசினேன், தெரியவில்லை. நாலு நாற்பத்தாறுக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் மணியைச் சொன்னேன், அவள் திருப்பிச் சொன்னாள். ஐந்து ஐந்துக்குச் சின்ன டாக்டர் வெளியே வந்து, கசிந்த நாளத்தைக் கட்டியாகிவிட்டது, நின்றுவிட்டது என்றார். அதைச் சொன்னதும் மகள் போனைக் கணவனிடம் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனாள் என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார்.

மறுநாள் காலை, ஈரல் வாங்கிக்கொண்டவருக்கு மயக்கம் தெளிந்தது. வாயில் குழாய் இருந்ததால் பேச முடியாது. கண்ணைத் திறந்து, முதலில் கூரையை, பிறகு எங்களைப் பார்த்தார். நானும் பெரிய டாக்டரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். அவர் என்ன கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

"உங்க வீட்டம்மாவுக்கு நேத்து கொஞ்சம்…" என்று ஆரம்பித்தார் டாக்டர்.

மானிட்டரில் நாடி எகிறியது. டாக்டர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நேத்து சாயங்காலம் அவங்களுக்கு நிறைய ரத்தம் போச்சு. மறுபடியும் வயித்தைத் திறக்க வேண்டியதாயிடுச்சு. சாகற நிலைமைக்குப் போனாங்க. நிறுத்திட்டோம். உயிரோட இருக்காங்க. இப்ப மணி எட்டு இருபது. எட்டு பத்துக்கு நானே பார்த்தேன், தண்ணி கேட்டாங்க."

அவர் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்வைக்குள் அவருடைய வலது கால் முன்னால் போய் எதையோ அழுத்தி நின்றது. மெல்ல மெல்லத் தளர்ந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.